நூறு கோடியில் இல்லாத மூன்று

ஊத்துக்கோட்டையை ஒட்டிய தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்டில் கிருஷ்ணா கால்வாய் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கண்டலேறு அணையில் திறந்துவிட்ட தண்ணீர் 152 கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து சேரும். இன்னும் 25 கிலோமீட்டர் போனால் பூண்டி ஏரி. வழியில் எவ்வளவு கசிந்தது, எவ்வளவு வயல்களுக்குப் போனது என்பதெல்லாம் வேறு பேச்சு. தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறுவது ஜீரோ பாயின்ட்டில் அளந்த தண்ணீர்தான்.

1983 ஏப்ரல் 18-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அந்தக் கணக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, வழியில் வீணாவதற்கென்று 3 கழித்து, மிச்சம் 12. தண்ணீர் முதன்முதலில் வந்தது 1996-ல். அன்றிலிருந்து இந்தத் தாலுகாவில் டி.எம்.சி. என்ற சொல்லைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. வர வேண்டியது எத்தனை, வந்தது எத்தனை என்றுதான் எப்போதும் பேச்சு. டி.எம்.சி.க்குள் உட்கார்ந்திருக்கும் எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த எண் நூறு கோடி. 100,00,00,000 கன அடி. கணக்குப் புத்தகத்தில் 10⁹. டி.எம்.சி. என்பதை ஆயிரம் மில்லியன் கன அடி என்று சுற்றி வளைக்காமல் ஒரு பில்லியன் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றலாம். பிரிட்டன் அரசு 1974-ல் மாற்றிக்கொள்ளும்வரை அந்நாட்டில் பில்லியன் என்றால் பத்து லட்சம் மில்லியன். அமெரிக்காவில் ஆயிரம் மில்லியன். இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரம் மடங்கு. அணை கட்டுகிற பொறியாளர் அந்தக் குழப்பத்துக்குள் போகாமல் இருந்தது நல்லதுதான்.

முழு எண் என்ற முறையில் இந்த நூறு கோடிக்கு என்னென்ன குணங்கள் இருக்கின்றன? அவற்றில் எது காகிதத்தோடு நிற்கிறது, எது கால்வாய்க்கரை வரை வருகிறது? அதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பகாக் காரணிகள். 10 என்பது 2 × 5. ஆகவே 10⁹ என்பது 2⁹ × 5⁹. ஒன்பது இரண்டுகள், ஒன்பது ஐந்துகள். வேறு எந்தப் பகா எண்ணும் கிடையாது. இந்த எண்ணைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரும்பாலான செய்திகள் இந்த ஒரு வரியிலிருந்தே வருகின்றன. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் (9+1) × (9+1), அதாவது சரியாக 100. அடுக்குகள் ஒற்றைப்படை என்பதால் அது முழு வர்க்கம் இல்லை. 31,622-க்கும் 31,623-க்கும் நடுவில் அதன் வர்க்கமூலம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்பது மூன்றால் வகுபடுவதால் அது முழுக் கனம், 1000 × 1000 × 1000. ஆயிரம் அடி நீளம், ஆயிரம் அடி அகலம், ஆயிரம் அடி ஆழத்தில் ஒரு தொட்டி வெட்டினால் சரியாக ஒரு டி.எம்.சி. பிடிக்கும். பூண்டியில் தண்ணீர் நிற்கும் உயரம் 35 அடி. அந்த ஆழத்தில் ஒரே சீராக நிரப்புவதென்றால் ஒரு டி.எம்.சி.க்கு ஏறக்குறைய 656 ஏக்கர் வேண்டும்.

2⁹ என்பது 512. 5⁹ என்பது 19,53,125. இரண்டையும் உற்றுப் பாருங்கள்: எதிலும் பூஜ்யம் இல்லை. ஒன்பது பூஜ்யம் கொண்ட ஓர் எண்ணை, பூஜ்யமே இல்லாத இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத முடிகிறது. இது எல்லாப் பத்தின் அடுக்குகளுக்கும் வாய்ப்பதில்லை. பத்து கோடியை எடுத்தால் 256 × 3,90,625. இரண்டாவதில் ஒரு பூஜ்யம் வந்துவிட்டது. 10¹ முதல் 10⁷ வரை முடிகிறது, 10⁸-ல் முடியவில்லை, 10⁹-ல் மறுபடி முடிகிறது. அதற்கப்புறம் 10¹⁸, 10³³ இரண்டும்தான் அகப்பட்டிருக்கின்றன. கணினியை வைத்து எவ்வளவோ தூரம் தேடியும் மூன்றாவது ஒன்று சிக்கவில்லை. அடுக்கு கூடக்கூட 2-இன் அடுக்கிலும் 5-இன் அடுக்கிலும் இலக்கங்கள் பெருகும். அத்தனை இலக்கங்களிலும் பூஜ்யம் விழாமல் தப்புவது அரிதாகிக்கொண்டே போகும். இனி ஒன்று கிடைக்காது என்றுதான் கணிதர்கள் நினைக்கிறார்கள். நிரூபணம் இல்லை. தண்ணீருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் அரை மணி நேரம் சத்தமே வராது.

வகுத்திகளைக் கூட்டிப் பார்ப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தனக்கே சமமானால் அது நிறை எண். குறைந்தால் குறை எண். மிஞ்சினால் மிகை எண். நூறு கோடிக்கு அந்தக் கூட்டல் 149,75,58,338. மிகை எண்தான், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பூஜ்யத்தை எத்தனை சேர்த்துக்கொண்டே போனாலும் இந்த விகிதம் ஒன்றரையைத் தொடாது, நெருங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் நூறு கோடியை எழுதலாம்: 10,000-இன் வர்க்கமும் 30,000-இன் வர்க்கமும் சேர்ந்தால் நூறு கோடி, 18,000-உம் 26,000-உம் அப்படியே. மொத்தம் ஐந்து வழிகள். இதற்கு மேல் இதில் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் ராமானுஜன். அவர் பெயரைச் சொன்னதும் 1729-ஐயும் லண்டன் டாக்ஸியையும் இழுத்து வருவது நம் வழக்கம். இந்த முறை அந்த டாக்ஸி வேண்டாம். நம் எண்ணுக்கு அவர் செய்தவை மூன்று இருக்கின்றன, மூன்றும் அதைவிடச் சுவையானவை.

1915-ல் வெளியான நீண்ட கட்டுரையில் மிகுபகு எண்களை அவர் ஆராய்ந்தார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண் மிகுபகு எண். நூறு கோடியை ஒட்டி அப்படி இரண்டு இருக்கின்றன. கீழே 73,51,34,400, அதற்கு வகுத்திகள் 1,344. மேலே 110,27,01,600; அதற்கு 1,440. நடுவே நம் நூறு கோடி வெறும் 100 வகுத்திகளோடு நிற்கிறது. பார்க்க உருண்டையான எண், பங்கு போட இறங்கினால் ஏழை. அந்த 73,51,34,400-ஐப் பிரித்தால் 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17. சின்னப் பகா எண்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நம்முடையது 2-ஐயும் 5-ஐயும் மட்டும் குவித்து வைத்திருக்கிறது. ராமானுஜன் கையால் போட்ட அட்டவணை 6,74,632 கோடிக்கும் மேலே போகிறது. அதில் அவர் தவறவிட்டது 29,331,86,25,600 என்ற ஒரே ஓர் எண்ணை. கால்குலேட்டர் கிடையாத காலம்.

இரண்டாவது, ஆங்கிலக் கணிதர் ஹார்டியோடு சேர்ந்து 1917-ல் அவர் நிறுவியது. ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும்? அந்த எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடி மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டி இருக்கும் என்பது அவர்கள் கண்டது. நூறு கோடிக்கு மடக்கை 20.72, அதன் மடக்கை 3.03. இந்த அளவில் உள்ள எண்களுக்கு மூன்று பகாக் காரணிகளே வழக்கம். நம் எண்ணுக்கு இரண்டு. அதே இரண்டும் ஒன்பது ஒன்பது முறை. எண்களின் கூட்டத்தில் இது சாதாரண ஆள் இல்லை. மனிதக் கைவிரல்கள் பத்தாக இருப்பதால் நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவிலிருந்து ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், 2-உம் 3-உம் மட்டுமே காரணிகளாகக் கொண்ட எண்கள் ஓர் எல்லைக்குள் எத்தனை என்பதற்கு ராமானுஜன் ஒரு சூத்திரம் தந்திருந்தார். எல்லையின் இரு மடங்குக்கு மடக்கை, மும்மடங்குக்கு மடக்கை, இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கி, 2-இன் மடக்கையாலும் 3-இன் மடக்கையாலும் வகுக்க வேண்டும். 3 இருக்குமிடத்தில் 5-ஐப் போட்டால் நம் குடும்பத்து எண்களுக்கான சூத்திரம். நூறு கோடியை எல்லையாக வைத்தால் 214.4 என்று வருகிறது. சரி, உண்மையில் எத்தனை? எண்ணிப் பார்ப்பது கடினமில்லை. 5 இல்லாமல் 2-இன் அடுக்குகள் மட்டும் 30. ஒரு 5 இருந்தால் 28. இரண்டு 5 இருந்தால் 26. பிறகு 23, 21, 19, 16, 14, 12, 10, 7, 5, 3. கூட்டினால் 214. நூறு கோடி எண்கள் கொண்ட கூட்டத்தில் 214 பேரை, எண்ணாமலே, தசமப் புள்ளிக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்துச் சொல்லிவிட்டது ஒரு குமாஸ்தாவின் கடிதத்தில் இருந்த சூத்திரம். கடைசி இலக்கம் வரை எப்போதும் இப்படிப் பொருந்தும் என்று அது உறுதி தரவில்லை, தோராயம்தான். தோராயம் இப்படி இருந்தால் போதாதா?

அந்த 214-ல் கடைசி ஆள் நூறு கோடியே.

அக்கம்பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஒன்றைக் கழித்தால் ஒன்பது ஒன்பதுகள்: 3⁴ × 37 × 3,33,667. ஒன்றைக் கூட்டினால் 7 × 11 × 13 × 19 × 52,579. நடுவில் இருப்பதில் இல்லாத 3, 7, 11, 13 எல்லாம் இரு பக்கத்திலும் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நூறு கோடிக்குக் கீழே கடைசிப் பகா எண் 99,99,99,937. மேலே முதல் பகா எண் 100,00,00,007. அதற்கு இரண்டு தள்ளி 100,00,00,009-உம் பகா எண், இரட்டைப் பிறவிகள். இந்த 100,00,00,007-ஐ கணினி நிரல் போட்டிகளில் கலந்துகொள்ளும் மாணவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். விடை மிகப் பெரிதாகப் போனால் அதை இந்த எண்ணால் வகுத்து மீதியைச் சொல் என்று கேட்பது அங்கே வழக்கம். காரணம் உண்டு: இப்படிக் கிடைக்கும் இரண்டு மீதிகளைக் கூட்டினாலும் 200 கோடியே 14-க்குக் கீழேதான், 32 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய பெரிய எண் 214,74,83,647. வழிந்து போகாது. பகா எண்ணாக இருப்பதால் அந்த மீதிகளுக்குள் வகுத்தலும் தடையில்லாமல் நடக்கும்.

அது பகா எண்தான் என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூட வழி: வர்க்கமூலம் வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 31,622-க்குள் 3,401 பகா எண்கள். பொறுமைசாலி ஒருவர் சில நாளில் முடித்துவிடுவார். நூறு இலக்க எண்ணுக்கு இந்த வழி உலகம் உள்ளவரை முடியாது. எவ்வளவு பெரிய எண்ணானாலும் பகா எண்ணா இல்லையா என்று நியாயமான நேரத்தில், ஐயமறச் சொல்லும் முறை இருக்கிறது என்பதை 2002-ல் நிறுவியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னிருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த பையன்கள்.

நூறு கோடிக்குள் மொத்தம் எத்தனை பகா எண்கள் என்ற கேள்விக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மானியர் மைசெல் 1885-ல் ஒவ்வொன்றாக எண்ணாமல் ஒரு தந்திரத்தால் கணக்கிட்டு 5,08,47,478 என்றார். எழுபது ஆண்டுகளுக்கும் மேல் அதுவே விடை. 1950-களின் இறுதியில் டி.எச். லெமர் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது 5,08,47,534 என்று வந்தது. மைசெல் 56 குறைத்துவிட்டார். ஐந்து கோடியில் ஐம்பத்தாறு. ஜீரோ பாயின்ட் அளவீட்டில் இரு மாநிலத்துக்கும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போனால் கூட்டுக் கூட்டமே தேவைப்படாது.

இதுவரை பார்த்ததெல்லாம் காகிதம். கால்வாய்க்கரைக்கு வரும் குணம் ஒன்றே ஒன்று. நூறு கோடியில் 3 இல்லை.

கால்வாயில் ஓடும் தண்ணீரை விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறோம். தேங்கிய தண்ணீரை டி.எம்.சி.யில் சொல்கிறோம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் ஒரு நாளுக்கான விநாடிகளால் வகுக்க வேண்டும், அல்லது பெருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. இதைப் பிரித்தால் 2⁷ × 3³ × 5². ஒரு நாளை 24 மணியாகவும் மணியை 60 நிமிடமாகவும் பிரித்தவர்கள் மூன்றை விரும்பியவர்கள். பங்கு போட வசதி. பூஜ்யங்களை அடுக்கியவர்கள் மூன்றைக் கண்டுகொள்ளாதவர்கள். இரண்டு கூட்டமும் சந்திக்கும்போது தகராறு. ஒரே நாளில் ஒரு டி.எம்.சி. வந்து சேர விநாடிக்கு எத்தனை கன அடி வேண்டும்? 10⁹-ஐ 86,400-ஆல் வகுத்துச் சுருக்கினால் 3,12,500-இன் கீழ் 27. இரண்டுகளும் ஐந்துகளும் அடிபட்டுப் போக, மூன்று மூன்றுகள் மட்டும் அடிபட ஆளில்லாமல் கீழே நிற்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பாடம் சொல்வது இதைத்தான்: பகுதியில் 2-உம் 5-உம் தவிர வேறு பகா எண் மிஞ்சினால் தசமம் முடியாது, சுழலும். விடை 11,574.074074074… முடிவே இல்லை. 27-ஐ 37-ஆல் பெருக்கினால் 999 வருவதால்தான் மூன்று இலக்கமாகச் சுழல்கிறது.

இதே 11,574 இன்னொரு வேடத்திலும் வரும். விநாடிக்கு ஒரே ஒரு கன அடி விடாமல் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேர 11,574 நாள், அதாவது முப்பத்தொன்றே முக்கால் ஆண்டுக்குச் சற்றே குறைவு. 1996-ல் முதல் தண்ணீர் வந்தபோது அப்படி ஒரு சிறு ஓட்டத்தைத் திறந்து வைத்திருந்தால் 2027, 2028 வாக்கில்தான் முதல் டி.எம்.சி. முழுதாகும்.

பொறியாளர்கள் 11,574 என்று வெட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். வெட்டிய வால் எவ்வளவு? 11,574-ஐ 86,400-ஆல் பெருக்கினால் 99,99,93,600. குறைவது சரியாக 6,400 கன அடி. லிட்டரில் ஏறக்குறைய 1,81,228. சென்னைத் தெருக்களில் ஓடுகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினைந்து லாரி. ஒப்பந்தத்தின் 12 டி.எம்.சி.க்கும் இப்படி வெட்டினால் நூற்றெண்பது லாரிக்கு மேல். கேட்க நிறையத் தெரிகிறது, உண்மையில் ஒன்றுமில்லை. கால்வாயில் ஓர் அங்குல அலை அளவுகோலில் மாற்றிக் காட்டுவது இதைவிட அதிகம். வால் பெரிதா சிறிதா என்பதை எண் சொல்லாது, அளவுகோல்தான் சொல்லும்.

ஒப்பந்தத்தின் இரு தவணைகளையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை 123 நாளில் 8 டி.எம்.சி. வர விநாடிக்குச் சராசரியாக 753 கன அடி ஓட வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாளில் 4 டி.எம்.சி.க்கு 386. நாளிதழில் அன்றைய வரத்தைப் படிக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால், ஒப்பந்தம் நடக்கிறதா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டாம்.

மூன்று மாநிலங்கள் தலா 5 கொடுத்ததில் ஒரு வேடிக்கை. பத்தின் எந்த அடுக்கையும் மூன்றால் வகுத்தால் மீதி எப்போதும் ஒன்று. ஒரு டி.எம்.சி.யை மூன்று பேர் முழு கன அடியாகப் பிரித்துக்கொண்டால் ஒரு கன அடி மிஞ்சும். 28 லிட்டர், இரண்டு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 15 என்று வைத்ததால் அந்த இரண்டு குடச் சண்டை இல்லாமல் போனது.

இனி லிட்டருக்கு வருவோம். அங்கேதான் இந்த எண்ணின் சாயம் வெளுக்கிறது. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தன. அப்படியானால் ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். ஒரு கன அடி 28.316846592 லிட்டர், தோராயமில்லை, சரியாக. இதை நூறு கோடியால் பெருக்கினால் புள்ளி ஒன்பது இடம் தள்ளிப்போய், ஒரு டி.எம்.சி. என்பது 2,831,68,46,592 லிட்டர் என்று மீதமில்லாத முழு எண்ணாக நிற்கிறது. அது வேறு எதுவுமில்லை, 3,048-இன் கனம். 3,048 என்பது 2³ × 3 × 127. ஆகவே லிட்டரில் டி.எம்.சி.யின் பகாக் காரணிகள் 2⁹ × 3³ × 127³.

தண்ணீர் அதே தண்ணீர். கன அடியில் அதற்குள் ஒன்பது ஐந்துகள் இருந்தன. லிட்டரில் ஓர் ஐந்துகூட இல்லை. இல்லாத மூன்று மூன்று முறை வந்துவிட்டது. எங்கிருந்தோ 127 என்ற பகா எண் வந்து உட்கார்ந்துகொண்டது, 25.4-ஐ இரண்டால் வகுத்தால் கிடைக்கும் 12.7-இன் வாரிசு அது. 2⁹ மட்டும் இரண்டிலும் அப்படியே. ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. என்ற அதே ஓட்டத்தை இப்போது லிட்டரில் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு 3,27,741.28 லிட்டர். இரண்டே தசம இடத்தில் முடிந்துவிட்டது. 86,400-இன் மூன்றுகளை 3³ அடித்துவிட்டது. மிஞ்சியது 5² மட்டும். முடிவில்லாமல் சுழன்ற தசமம் தண்ணீருடைய குணமில்லை, அடியுடைய குணம்.

எண்ணுக்கு ஒரு குணம் இருக்கிறது என்பதால் எண்ணப்படும் பொருளுக்கும் அது இருக்கிறது என்று நினைப்பது பழைய மயக்கம். நம் ஏரிகளின் கொள்ளளவை எடுத்துக்கொள்ளுங்கள், மில்லியன் கன அடியில். செம்பரம்பாக்கம் 3,645, அது 3⁶ × 5. பூண்டி 3,231; 9 × 359. புழல் 3,300. சோழவரம் 1,081, 23 × 47, போதாததற்கு 1 முதல் 46 வரை கூட்டினால் வருகிற முக்கோண எண். கும்மிடிப்பூண்டி பக்கம் 2020-ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 500. எண் சோதிடர் கையில் கொடுத்தால் செம்பரம்பாக்கத்தின் ஆறு மூன்றுகளை வைத்து ஒரு புத்தகமே போடுவார். உருப்படியான செய்தி வேறு இடத்தில் இருக்கிறது: ஐந்தையும் கூட்டினால் 11,757. அதாவது சென்னைக்குக் குடிநீர் தரும் இந்த ஐந்து நீர்நிலைகளும் கரை தொட நிரம்பினாலும், ஒப்பந்தப்படி ஓர் ஆண்டுக்கு வர வேண்டிய கிருஷ்ணா நீருக்கு 243 மில்லியன் கன அடி குறைவு. கிருஷ்ணா நீரை இரண்டு தவணையாக வாங்குவது ஏன் என்பதற்கு இந்தக் கூட்டல் போதும், காரணிப்படுத்தத் தேவையில்லை.

காவிரியிலும் இப்படித்தான். 2007-ல் நடுவர் மன்றம் மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 419 பகா எண். புதுச்சேரியின் 7-உம் பகா எண். எந்த நீதிபதியும் பகா எண் பார்த்துத் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டிய 192, பன்னிரண்டு மாதத்துக்குத் தலா 16 என்று சராசரி போட வசதியாக இருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் 14.75-ஐக் குறைத்து 177.25 ஆக்கியது. கன அடியில் எழுதிப் பிரித்தால் அதற்குள் 709 என்ற பகா எண் இருக்கிறது. மாத சராசரி 14.7708333… என்று சுழல ஆரம்பித்துவிட்டது. டெல்டா விவசாயிக்கு வலித்தது குறைந்த 14.75, சுழலும் மூன்று அல்ல.

டி.எம்.சி.யை மாற்றி லிட்டருக்கோ கன மீட்டருக்கோ போய்விட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆலைகளுக்குக் கிலோலிட்டரில் கட்டணம், ஏரிக்கு மில்லியன் கன அடியில் இருப்பு, ஒப்பந்தத்துக்கு டி.எம்.சி. என்று ஒரே தண்ணீருக்கு மூன்று பேச்சு நடப்பது சங்கடம்தான். ஆனாலும் எனக்கு அந்த மாற்றம் அவசரமாகத் தெரியவில்லை. ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும் டி.எம்.சி.யில் எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றை 127-இன் கனத்தால் பெருக்கி எழுதினால் யாருக்கும் எதுவும் தெளிவாகாது. செய்ய வேண்டியது சிறியது. கணக்குப் பேரேட்டில் கன அடியை முழு எண்ணாகவே வைத்துக்கொண்டு, வகுப்பதைக் கடைசியில் ஒருமுறை வகுக்க வேண்டும். நாள்தோறும் வகுத்து, வெட்டி, வெட்டியதைக் கூட்டுவதில்தான் பதினைந்து லாரிகள் காணாமல் போகின்றன.

இன்னொன்று, பத்திரிகைகளுக்கு. ஜீரோ பாயின்ட்டுக்கு 400 கன அடி தண்ணீர் வருகிறது என்று எழுதுகிறார்கள். விநாடிக்கு என்ற சொல் விழுந்துவிடுகிறது. 400 கன அடி என்பது 11,327 லிட்டர். ஒரு டேங்கர் லாரிகூட நிரம்பாது. விநாடிக்கு 400 கன அடி என்றால் ஒரு நாளில் 3 கோடியே 45 லட்சத்து 60 ஆயிரம் கன அடி, இருபத்தொன்பது நாளில் ஒரு டி.எம்.சி. அந்த ஒரு சொல்லுக்குத் தாளில் அரை அங்குலம்கூட வேண்டாம். தயவுசெய்து எழுதுங்கள்.